ஒரு ஜில்லாவின் கல்வி நிலையும் சங்க அங்கத்தினரின் கைநாட்டும்

கிராம அபிவிருத்தியைப் பற்றிப் பேசுமிடங்களிலெல்லாம் விதை, உரம், கிணறு, பாதை ஆகியவையே முதலில் எடுத்துரைக்கப்படுகின்றன. இவையாவும் இன்றியமையாதவையே. ஆயினும் இவற்றின் பயன் முழுவதும் கைகூட வேண்டுமாயின் அவற்றிற்கு அடிப்படையாக வேறொன்று வேண்டும். அதுவே கல்வி. விதைப் பையின்மேல் அச்சிட்டிருப்பதை வாசிக்கவும், பூச்சி மருந்தின் அளவை அறியவும், கடன் பத்திரத்திற் கண்ட தவணைத் தேதியைத் தாமே பார்த்துத் தெரிந்துகொள்ளவும் இயலாத குடியானவர், பிறர் சொல்லை நம்பியே நடக்க வேண்டியவராகிறார். சொல்பவர் நல்லவராயின் நன்மை, அல்லாதவராயின் நஷ்டம். ஆதலால் ஒரு ஜில்லாவின் ஜனங்கள் எவ்வளவு கல்வி பெற்றிருக்கின்றனர் என்பது பள்ளிக்கூட இலாகாவை மட்டும் சார்ந்த விஷயமன்று. கூட்டுறவுச் சங்கத்தின் ஒவ்வோர் அங்கத்தினரும் அறியத்தக்க விஷயமாகும். இதனை விளக்குவதற்குத் தமிழ்நாட்டின் தர்மபுரி ஜில்லா இங்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

தர்மபுரி ஜில்லா

முன்பு சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1965ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2ஆம் தேதி தனி ஜில்லாவாக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரிப் பகுதி இதனின்று பிரிந்து வேறு ஜில்லாவாயிற்று. 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி எஞ்சிய தர்மபுரி ஜில்லாவின் ஜனங்கள் 15 லட்சத்துச் சொச்சம். அவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு மேல் கிராமங்களில் வசிப்பவர்கள். ஆகவே இது முற்றிலும் கிராம ஜில்லா என்றே சொல்லத்தகும். நிலத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையும் புளியும் மாவும் இப்பக்கத்திற்குப் பேர்போனவை. மலையும் காடும் ஊடே கிடப்பதால் ஊர்கள் நெருங்கியிராமல் சிதறிக் கிடக்கின்றன.

இந்த ஜில்லாவின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி அரசாண்டதும், ஔவையார் என்னும் பெண்பாற் புலவரை அவன் நண்பராகக் கொண்டு போற்றியதும் இந்நாட்டில்தான். இவ்வளவு பழைய கல்விப் புகழுள்ள பூமி, 2011ஆம் வருஷத்துக் கணக்கில் தமிழ்நாட்டு ஜில்லாக்கள் எல்லாவற்றிலும் எழுத்தறிவிற் கடைசியாக நின்றது. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 68.54 பேரே எழுத்தறிந்தவர்கள். ஆண்களில் நூற்றுக்கு 76.85, பெண்களில் 59.80. அதாவது ஔவையார் வாழ்ந்த நாட்டில் பத்துப் பெண்களில் நால்வர் ஓர் எழுத்தும் அறியாதவர்களாயிருந்தனர். அதே வருஷத்தில் தமிழ்நாடு முழுமைக்கும் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். கன்னியாகுமரி ஜில்லாவில் 91.75 பேர். 2021ஆம் வருஷத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய கணக்கு குறித்த காலத்தில் எடுக்கப்படாமையால், ஜில்லா முழுமைக்கும் வீடுதோறும் எடுத்த கணக்கு வேண்டுமாயின் 2011ஆம் வருஷத்துக் கணக்கையே ஆதாரமாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.

எழுத்தறிந்தவர் என்பவர் யார்?

இவ்வெண்களைப் பார்த்தவுடன் நூற்றுக்கு 68 பேர் கல்வி கற்றவர்கள் என்று முடிவு செய்துவிடலாகாது. ஜனத்தொகைக் கணக்கில் எழுத்தறிந்தவர் என்னும் சொல்லுக்கு வரையறுத்த பொருள் ஒன்று உண்டு. ஏழு வயது நிரம்பியவராய், ஏதாவது ஒரு பாஷையில் பொருள் விளங்கும்படி வாசிக்கவும் எழுதவும் வல்லவராயிருப்பவரே எழுத்தறிந்தவர். வாசிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் எழுத்தறிந்தவரல்லர். அவர் பள்ளிக்கூடம் சென்றிருக்க வேண்டுமென்பதில்லை. எந்தப் பரீட்சையும் தேறியிருக்க வேண்டுமென்பதுமில்லை. கணக்கெடுப்பவர் வீட்டு வாசலில் நின்று கேட்கிறார்; வீட்டார் சொல்வதை எழுதிக்கொள்கிறார். ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லிச் சோதிப்பதற்கு அவருக்கு அவகாசமில்லை. ஆகவே தம் பெயரை மட்டும் எழுதக் கற்ற பாட்டியாரும், பட்டப் பரீட்சை தேறிய பேரனும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுவதற்கு இடமுண்டு.

இக்குறையை அறிந்தே ஜனத்தொகைக் கணக்கில் கல்வியின் படிகள் தனியாகவும் குறிக்கப்படுகின்றன. படிப்பின்றி எழுத்து மட்டும் அறிந்தவர், ஆரம்பப் படிப்பு முடியாதவர், ஆரம்பப் படிப்பு முடித்தவர், நடுநிலை வகுப்புத் தேறியவர், பத்தாம் வகுப்புத் தேறியவர், மேல்நிலை வகுப்புத் தேறியவர், தொழிற்கல்விப் பத்திரம் பெற்றவர், பட்டதாரிகள் என்று அப்படிகள் ஏறிச் செல்கின்றன. எழுத்தறிவு விகிதம் என்பது ஏணியின் முதற்படியில் கால் வைத்தவர் எத்தனை பேர் என்பதை மட்டும் சொல்லும். எத்தனை பேர் எந்தப் படியில் நின்றுவிட்டனர் என்பதை அது சொல்லாது. ஒரு ஜில்லாவின் கல்வி நிலை என்பது உண்மையில் இரண்டாவது கேள்விக்குரிய விடையேயாகும்.

வேறொரு ஜாக்கிரதையும் வேண்டும். 1981ஆம் வருஷம் வரையில் கைக்குழந்தைகளையும் சேர்த்து மொத்த ஜனத்தொகைக்கு விகிதம் கணக்கிடப்பட்டது. 1991ஆம் வருஷம் முதல் ஏழு வயதுக்குட்பட்டவர்களை நீக்கி விகிதம் காணப்படுகிறது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அப்படியே பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிடுவோர், உண்மையில் ஏற்பட்ட முன்னேற்றத்தைவிட அதிகமான முன்னேற்றத்தைக் காண்பர்.

பின்தங்கிய காரணங்கள்

தர்மபுரியின் ஜனங்கள் மற்றவரைவிடப் புத்தியிற் குறைந்தவர்களா? ஒருபோதுமில்லை. ஒரே ராஜ்யத்தில் கன்னியாகுமரிக்கும் தர்மபுரிக்கும் இடையே நூற்றுக்கு 23 பேர் வித்தியாசம் இருப்பதற்குக் காரணங்கள் வெளிப்படை.

முதலாவது, பள்ளிக்கூடங்களின் வயது. கன்னியாகுமரிப் பகுதி 1956ஆம் ஆண்டு வரையில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அந்த சமஸ்தானத்தில் 1817ஆம் ஆண்டிலேயே ராணி கௌரி பார்வதிபாய், ஜனங்களின் கல்விச் செலவை அரசாங்கமே ஏற்க வேண்டுமென்று உத்தரவிட்டார். கிறிஸ்தவ மிஷன்களும் அக்காலத்திலேயே அங்கு பள்ளிகளை நிறுவின. பாட்டி படித்திருந்தால் தாயும், தாய் படித்திருந்தால் மகளும் படிப்பது இயல்பு. பள்ளி தாமதித்து வந்த பிரதேசத்தில் இத்தொடர்ச்சியும் தாமதித்தே தொடங்கும்.

இரண்டாவது, தூரம். ஆரம்பப் பள்ளி ஊருக்குள் இருக்கலாம். உயர்நிலைப் பள்ளி பல மைல்களுக்கு அப்பாலிருக்கும். சித்தேரி முதலிய மலைகளில் வாழும் மலைவாசிகளின் குழந்தைகளுக்கு இத்தூரம் இன்னும் கடுமையானது. பையன் நடந்தோ பஸ்ஸிலோ போய்விடுவான். பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயங்குவர். ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பெண்கள் படிப்பை நிறுத்தியதற்குத் தூரம் ஒரு பெருங்காரணம்.

மூன்றாவது, மழையை நம்பிய விவசாயம். மழை தவறிய வருஷத்தில் குடும்பத்தோடு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்திற்கும் கூலிவேலை தேடிச் செல்வது இப்பக்கத்து வழக்கம். தாய் தந்தையரோடு புறப்பட்டுப் போகும் குழந்தையின் படிப்பு நடுவில் அறுந்துபோகிறது. திரும்பி வரும்போது அதன் வயதுப் பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போய்விடுகின்றனர். வெட்கத்தால் அது பள்ளியை விட்டே நின்றுவிடுகிறது.

நான்காவது, பெண்களுக்கு இளவயதில் விவாகம் செய்துவிடுவது. சட்டம் பதினெட்டு வயதுக்கு முன் கூடாதென்கிறது. ஆயினும் வழக்கம் எளிதில் மாறுவதில்லை. தாலி ஏறிய பின் பாடப்புத்தகம் மூலைக்குப் போய்விடுகிறது.

ஏற்பட்ட முன்னேற்றம்

இவ்வளவு தடைகள் இருந்தும் ஜில்லா நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 1991ஆம் வருஷத்தில், கிருஷ்ணகிரி பிரியாத தர்மபுரி ஜில்லாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 46 பேர். 2001ஆம் வருஷத்தில் ஏறத்தாழ 61. 2011ஆம் வருஷத்தில் பிரிந்து நின்ற தர்மபுரியில் 68½. இருபது வருஷங்களில் இது சிறிய காரியமன்று.

இம்முன்னேற்றத்துக்குச் சட்டமும் சோறும் சைக்கிளும் சேர்ந்து உதவின எனலாம். 1956ஆம் ஆண்டில் காமராஜர் ஆட்சியில் ஆரம்பப் பள்ளிகளில் மதிய உணவு ஏற்பட்டது. 1982ஆம் ஆண்டில் எம். ஜி. ராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிவுபெற்றது. 1989ஆம் ஆண்டில் ஏற்பட்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான விவாக உதவித் திட்டம், மணமகள் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டுமென்று நிபந்தனை விதித்தது. விவாகத்துக்காகவாவது பெண்ணைப் படிக்கவைக்க வேண்டுமென்னும் எண்ணத்தை அந்நிபந்தனை உண்டாக்கியது. பிற்காலத்தில் மேல்நிலை வகுப்பு மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் இலவசச் சைக்கிள்கள் கொடுக்கப்பட்டன. அவை தூரத்தைக் குறைத்தன. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் அமலுக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. 2022ஆம் ஆண்டில், விவாக உதவிக்குப் பதிலாக, அரசாங்கப் பள்ளியிற் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ரூ. 1,000 அளிக்கும் புதுமைப்பெண் திட்டம் ஏற்பட்டது.

ஆகவே இன்று எழுத்தறியாதவர் என்போர் பெரும்பாலும் குழந்தைகளல்லர். பள்ளி வருவதற்கு முன் பிறந்துவிட்டவர்களும், பள்ளி வந்தும் அனுப்பப்படாதவர்களுமான நடுவயதினரும் முதியோருமே. அவர்களிற் பெண்களே அதிகம். கிராமச் சங்கங்களில் அங்கத்தினராயிருப்பவர்களும் இவ்வயதினரே. இவ்விடத்தில்தான் ஜில்லாவின் எண் சங்கத்தின் பேரேட்டைத் தொடுகிறது.

அதே சமயத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லோரும் வாசிக்கக் கற்றுவிட்டனர் என்றும் நம்பியிருக்கலாகாது. 2018ஆம் ஆண்டில் இந்தியக் கிராமங்களில் நடத்தப்பட்ட கல்விநிலை ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வல்லவராகக் காணப்பட்டனர். வகுப்பேற்றம் வேறு; வாசிப்பு வேறு. பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்பதோடு நில்லாமல், அதன் கையில் ஒரு பத்திரிகையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பது பெற்றோர் செய்யத்தக்க எளிய பரீட்சையாகும்.

சங்கத்துக்கும் கல்விக்கும் உள்ள சம்பந்தம்

கூட்டுறவு இயக்கம் கல்வியைத் தனக்கு அந்நியமானதாக எக்காலத்தும் கருதியதில்லை. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844ஆம் ஆண்டில் கடை தொடங்கிய ஏழை நெசவாளர்கள், சில வருஷங்களுக்குள் தங்கள் இலாபத்தில் நூற்றுக்கு 2½ பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, வாசகசாலையும் நூல்நிலையமும் நடத்தினர். நம் நாட்டில் 1904ஆம் ஆண்டில் ஐக்கிய நாணயச் சங்கச் சட்டம் ஏற்பட்டது; அதே ஆண்டிலேயே இப்பொழுது திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள திரூரில் கிராமச் சங்கம் பதிவாயிற்று. சங்கம் என்பது அங்கத்தினரின் பொதுச் சொத்து. அதன் கணக்கைப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் பாத்தியமுண்டு என்பதே இவ்வியக்கத்தின் அடிப்படை. வாசிக்க இயலாதவருக்கு அப்பாத்தியம் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

இதனால் ஏற்படும் நஷ்டத்தை ரூபாய்க் கணக்கிலேயே காட்டலாம். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களின் பயிர்க்கடனுக்கு வட்டி நூற்றுக்கு 7. ஆனால் தவணைத் தேதிக்குள் அசலைத் திருப்பிச் செலுத்துவோருக்கு அவ்வட்டி இல்லை என்னும் சலுகை 2009–10ஆம் ஆண்டு முதல் ஏற்பட்டது. ஓர் அங்கத்தினர் ரூ. 50,000 கடன் பெற்றதாகக் கொள்வோம். தவணைத் தேதியைத் தாமே வாசித்தறிந்து அதற்குள் செலுத்தினால் அவர் கொடுப்பது ரூ. 50,000 மட்டுமே. தேதியைத் தவறாக நினைத்துச் சில நாட்கள் கழித்து வந்தால் சலுகை போய்விடும். ஒரு வருஷத்து வட்டி மட்டும் ரூ. 3,500 ஆகும். ஒரு தேதியை வாசிக்க இயலாமையின் விலை இது. நகைக்கடன் சீட்டிலும் இப்படியே. நகையின் எடை, கடன் தொகை, கெடு, ஏல அறிவிப்பு ஆகிய யாவும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதப்பட்டிருந்தும் வாசியாதவருக்கு அது வெறும் காகிதமே.

முற்காலத்தில் குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்றே வழியாயிருந்தது. இக்காலத்தில் வரவு செலவுச் செய்தி கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகிறது. வாசிக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வசதி. தெரியாதவர் தொலைபேசியையே மற்றொருவர் கையிற் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். ரகசிய எண்ணும் அதனுடன் சேர்ந்தே போய்விடுகிறது. கருவி புதிதானால் எழுத்தறியாமையின் அபாயம் குறைவதில்லை. சில சமயம் அதிகமாகவும் செய்கிறது.

சங்கம் செய்யத்தக்கவை

ஜில்லாவின் எண்ணை மாற்றுவது ஒரு சங்கத்தால் ஆகக்கூடியதன்று. ஆனால் தன் பேரேட்டிலுள்ள எண்ணை மாற்றுவது ஆகக்கூடியது. அதற்குரிய வழிகள் பின்வருமாறு:

1. முதலாவது, கணக்கெடுத்தல். அங்கத்தினரை நான்கு படிகளாகப் பிரிக்கலாம். கைநாட்டு வைப்போர், பெயரெழுத மட்டும் அறிந்தோர், வாசிக்க அறிந்தும் கணக்குப் பார்க்க இயலாதோர், பாஸ் புத்தகத்தை வாசித்து வட்டியைச் சரிபார்க்க வல்லோர். உதாரணமாக, 200 அங்கத்தினருள்ள ஒரு சங்கத்தில் இவர்கள் முறையே 40, 60, 50, 50 பேர் என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்தைக் கொண்டு பார்த்தால் அங்கே 160 பேர் எழுத்தறிந்தவர்கள், நூற்றுக்கு 80. பேரேட்டைக் கொண்டு பார்த்தால் 50 பேரே, நூற்றுக்கு 25. மிகுந்த 110 பேர் கையெழுத்திட்டும் கைநாட்டின் நிலையிலேயே இருப்பவர்கள். பொதுவான விகிதத்தில் மறைந்திருப்பவர்கள் இவர்களே. எவரையும் சபையில் வைத்துக் கேட்டு வெட்கப்படுத்தாமல், தனியே கேட்டு எழுதிக்கொள்வது முறை.

2. இரண்டாவது, இரவு வகுப்பு. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள எழுத்தறியாதவர்களுக்குத் தொண்டர்களைக் கொண்டு கற்பிக்கும் ஏற்பாடு 2022ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. சங்கக் கட்டடமோ பள்ளிக்கூடமோ இடமாகலாம். சங்கத்தின் பாஸ் புத்தகம், நகைச் சீட்டு, உர மூட்டை, ரேஷன் அட்டை ஆகியவற்றையே பாடமாக வைத்துக்கொண்டால் முதியோர் ஊக்கத்தோடு கற்பர். தம் சொந்தக் கணக்கிலுள்ள எண்ணைத் தாமே வாசித்துவிட்டவருக்கு அடுத்த பாடத்தில் ஆசை பிறக்கும்.

3. மூன்றாவது, கற்றதை மறவாதிருத்தல். 1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெருமுயற்சியோடு நடந்து, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றனர். இத்தகைய இயக்கங்கள் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. வாசிக்க ஏதுமில்லாத ஊரில் கற்ற எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். ஆதலால் சங்க வாசலில் ஒரு கரும்பலகையும், உள்ளே ஒரு தினசரிப் பத்திரிகையும் இருப்பது அவசியம். கரும்பலகையில் பெரிய எழுத்தில் கடனின் வட்டி விகிதம், தவணைத் தேதி, உர விலை ஆகியவற்றை வாரந்தோறும் எழுதி வைக்கலாம்.

4. நான்காவது, மகாசபையில் கணக்கை வாசித்தல். வரவு செலவுக் கணக்கை அச்சிட்டுக் கொடுத்ததோடு நில்லாமல், ஒவ்வொரு பத்தியாக உரக்க வாசித்து எளிய தமிழில் விளக்க வேண்டும். எழுத்தறியாதவருக்குக் காதுண்டு, யோசனையுமுண்டு. கேட்டறிந்தவர் கேள்வி கேட்பார். கேள்வி கேட்கும் அங்கத்தினருள்ள சங்கத்தில் மோசம் நேர்வது அரிது.

5. ஐந்தாவது, பெண்கள். பெண் அங்கத்தினரும் மகளிர் சுயஉதவிக் குழுவினரும் வகுப்புக்கு வரத்தக்க நேரத்தை அவர்களையே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கு வசதியான இரவு எட்டு மணி, அடுப்படியில் நிற்பவருக்கு வசதியாயிராது. மத்தியானம் மூன்று மணி அவர்களுக்கு உகந்ததாயிருக்கலாம். எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் நிற்கவிருக்கும் பெண் குழந்தைகளின் பெற்றோரை, ஊரறிந்த சங்க நிர்வாகிகள் நேரிற் கண்டு பேசுவதும் பெரும் பயன் தரும்.

இவற்றிற்கு ஆகும் செலவு சொற்பம். ஒரு கரும்பலகை, சில புத்தகங்கள், ஒரு விளக்கு, கற்பிக்க முன்வரும் ஓரிரு இளைஞர் இருந்தாற் போதுமானது. ஜில்லாவின் எண் 68 ஆயினும் 80 ஆயினும், அது ஆயிரக்கணக்கான கிராமத்து வாசற்படிகளில் எழுதப்பட்ட எண்களின் கூட்டுத்தொகையே. கைநாட்டு வைத்த ஓர் அங்கத்தினர் அடுத்த தவணையில் தம் தேதியைத் தாமே வாசித்துப் பணம் செலுத்துவாராயின், அக்கூட்டுத்தொகையில் ஒன்று ஏறும். அவர் பையில் வட்டிப் பணமும் தங்கும். இந்த வருஷத்து மகாசபை கூடுவதற்கு முன்பே ஒவ்வொரு சங்கமும் தன் பேரேட்டைத் திறந்து, கைநாட்டுகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது நலம்.